காற்புள்ளியும் நம் மக்களும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியரை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது தேநீர் இடைவேளையில் எப்படியும் நடக்கத்தான் போகிறது. ஆகவே இங்கே கொஞ்சம் இலக்கணம் பேசுவோம்.

இந்தப் பள்ளியில் நாம் எல்லோரும் செய்த ஒரு பயிற்சி நினைவிருக்கும். இரண்டு குட்டி ஆங்கில வாக்கியங்களைத் தந்து, 'ஹூ', 'விச்', 'தட்' இவற்றில் ஒன்றைப் போட்டு ஒன்றாக்கச் சொல்வார்கள். ரிலேட்டிவ் குளோஸ். மனிதருக்கு ஹூ, பொருளுக்கு விச். மனிதருக்கு 'தட்' போட்டால் சிவப்பு மை. (உண்மையில் ஆங்கிலத்தில் 'தட்' மனிதருக்கும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 'ஹூ' அந்த வேலைக்குப் பிறகுதான் வந்தது. ரீச்சர்மார் மன்னிக்கவும்.) புள்ளி வாங்கியதோடு அதை மறந்துவிட்டோம். ஆனால் அந்த 'ஹூ' நம்மை மறக்கவில்லை. நம் பாட்டன் பாட்டிமாரின் தலையெழுத்தே அதற்குப் பின்னால் வந்த சொற்களில்தான் இருந்தது.

முதலில் காற்புள்ளி. ஆங்கிலத்தில் 'ஹூ'வுக்கு முன்னால் காற்புள்ளி இல்லாவிட்டால், அந்தத் தொடர் ஒரு கூட்டத்திலிருந்து சிலரைப் பிரித்துக் காட்டும். காற்புள்ளி வந்தால் கூட்டம் முழுவதையும் பற்றிச் சொல்லும். தமிழில் நாம் இதைப் பெயரெச்சத்தால் சொல்கிறோம். பெயருக்கு முன்னால் வருவதால் காற்புள்ளிக்கு அங்கே இடமே இல்லை. 'கிளினிக்குக்கு வராத தோட்டத்துத் தாய்மார்' என்றால் வராத சிலரா, அல்லது தோட்டத்துத் தாய்மார் என்றாலே வராதவர்கள்தானா? குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சுகாதாரக் கூட்டங்களில் இது விளையாட்டல்ல. அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. காற்புள்ளி இல்லாமல் எழுதினால், 'யார் அந்த வராத தாய்மார்? எந்தப் பிரிவு? ஏன் வரவில்லை?' என்று அடுத்த கேள்வி பிறக்கும். விசாரித்தால் காரணம் கிடைக்கும். கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கி ஏறவே அரை நாள். மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. கிளினிக் நாளை மாற்றலாம், வாகனம் கேட்கலாம், துரையிடம் பேசலாம். காற்புள்ளி போட்டு எழுதினாலோ, வராமலிருப்பது அந்தத் தாய்மாரின் பிறவிக் குணம் என்று ஆகிவிடும். குணத்துக்கு என்ன மருந்து எழுதுவது? 'அவர்களுக்கு அறிவூட்ட வேண்டும்' என்று ஒரு வரி, கூட்டம் முடிந்தது. எங்கள் நாற்பது வயதுக்குள் அந்த வரியை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம் என்பதற்குக் கணக்கில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டுப் புள்ளிவிவரங்கள் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாக வருகின்றன. 'தோட்டத்தில் வாழ்பவர்கள்' என்ற கூட்டமும் 'மலையகத் தமிழர்' என்ற கூட்டமும் ஒன்றல்ல. தோட்டத்தில் சிங்களவரும் இருக்கிறார்கள். நம்மில் பெருந்தொகையினர் ஹட்டனிலும் கொழும்பிலும் கடைகளிலும் வகுப்பறைகளிலும் இருக்கிறோம். ஒன்றின் எண்ணை மற்றதன் தலையில் வைப்பது நல்லெண்ணத்தோடு எழுதும் கட்டுரைகளில்கூட நடக்கிறது.

இனிச் சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் 'இந்தியத் தமிழருக்குப் பிரஜாவுரிமை இல்லை' என்று எழுதித் தேட வேண்டாம், இராது. அங்கே இருப்பது ஒரு நிபந்தனை. இலங்கையில் பிறந்தவராக இருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவான வாக்கியம். ஆனால் பாட்டன் பிறந்த பத்திரத்தை யாரிடம் கேட்பார்கள், யாரிடம் கேட்கமாட்டார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் ஒழுங்கான பதிவு எங்கே இருந்தது?

அந்த நிபந்தனையில் தாய் இல்லை என்பதையும் கவனியுங்கள். கொழுந்து பறித்த கைகளில் பெரும்பங்கு பெண்களின் கைகள். அம்மா இங்கே பிறந்தாள், அம்மாயி இங்கே பிறந்தாள் என்றால் சட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இந்தக் குறை மலையகத்துக்கு மட்டுமல்ல, நாட்டுப் பெண்கள் எல்லோருக்கும் உரியது. தாய் வழியாகவும் பிரஜாவுரிமை உண்டு என்று சட்டம் திருந்தியது 2003இல்தான்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்பு, மணமானவராயின் ஏழு ஆண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். 'இடைவிடாமல்' என்ற ஒரு சொல் போதும். சாவு வீட்டுக்கென்று ஊருக்குப் போய்வந்தவர் அதன் கணக்கைக் காட்ட வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. 1947இல் நுவரெலியாவில் தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் நம் மக்களின் வாக்கால் பாராளுமன்றம் போனார்கள். 1952 தேர்தலில் அவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால்தானே.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். அதில் நம் மக்கள் 'இலங்கைப் பிரஜையாகவோ இந்தியப் பிரஜையாகவோ ஏற்கப்படாதவர்கள்' என்று வருகிறார்கள். என்ன செய்தார்கள், எங்கே வாழ்ந்தார்கள் என்று ஒன்றுமில்லை. என்னவாக இல்லை என்பதே அடையாளம். தொகை 9,75,000. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பேச்சு. 1974இல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நம் வகுப்பறைகளில் வாங்குகள் வெறுமையானது அந்தக் கணக்கினால்தான். 'கப்பல் ஏறிப் போன' அக்காமாரில் சிலர் நீலகிரியிலிருந்து இந்த மலரை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து வணக்கம்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதே திகதியையே எடுத்துக் கதவைத் திறந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவர்கள், அல்லது அவர்களின் வழிவந்து இங்கே வாழ்பவர்கள், இலங்கைப் பிரஜைகள். பத்தே நாட்களில் 1,90,000க்கும் மேற்பட்டோர் பிரஜாவுரிமை பெற்றார்கள். நல்ல சட்டம். ஆனால் 'நிரந்தரமாக வாழ்ந்தவர்கள்' என்ற அந்தத் தொடருக்கு வெளியே ஒரு கூட்டம் நின்றது. வன்செயலுக்குப் பயந்து தமிழ்நாட்டு முகாம்களுக்கு ஓடியவர்கள். அவர்களையும் உள்ளே எடுக்க 2009இல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. இந்தியாவின் 2019 பிரஜாவுரிமைத் திருத்தத்திலும் ஒரு 'ஹூ' இருக்கிறது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த இன்னின்ன மதத்தவர் என்று. அதில் இலங்கை இல்லை. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தமிழில் நாமே நம்மைச் சொல்லிக்கொள்ளும் சொற்களும் இருக்கின்றன. 'வந்த மக்கள்', 'கொண்டுவரப்பட்ட மக்கள்', 'காட்டை அழித்து நாட்டை ஆக்கிய மக்கள்'. மூன்றும் பெயரெச்சம்தான், மூன்றும் மூன்று வரலாறு. 'வந்தவர்' என்றால் 'அப்படியானால் போகலாமே' என்று பதில் வரும். 1911 குடிசன மதிப்பிலிருந்து 'இந்தியத் தமிழர்' என்று எழுதினார்கள். 'மலையகத் தமிழர்' என்பதில் வினையே இல்லை. வந்ததோ போனதோ இல்லை, மலைதான் இருக்கிறது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்தவர்களோடு நம் பழைய மாணவியரும் இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறோம்.

கடைசியாகச் சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். சட்டம் தகப்பன்மாரை மட்டும் கேட்டதால் வீடுகளில் பத்திரமாக வைத்த கடதாசிகளிலும் தகப்பன்மாரின் பெயர்களே இருக்கின்றன. உங்கள் அம்மாயி, அப்பாயி, அவர்களுடைய அம்மா, இவர்களின் பெயரையும் அவர்கள் பிறந்த தோட்டத்தையும் பிரிவையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தபாலில் அனுப்புங்கள். பத்திரம் தேவையில்லை. வீட்டில் கூப்பிட்ட பெயரே போதும்.