கோழி நிற்கும் மண்



வீட்டுக்குப் பின்னால் வலையடைத்துப் பத்துக் கோழி வளர்க்கும் குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களில் பல உண்டு. கூட்டுக்குத் தகரம் போடுகிறோம். தீனிக்குக் காசு செலவழிக்கிறோம். ஆனால் கோழி நாள் முழுதும் நின்று கிளறுகிற மண்ணை மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அந்த மண்ணைப் பற்றிப் பேசுவோம்.

தோட்ட வேலை தெரிந்த நமக்கு இது புதிய பாடமல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களில் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இல்லாமல் களையெடுத்தார்கள். மழை வந்து மேல்மண்ணை அடித்துக்கொண்டு போயிற்று. பிறகுதான் பியுரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா போன்ற கொடிகளை விதைத்து மண்ணை மூடும் வழக்கம் பரவியது. பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. தென்னையின் பேரைச் சுமந்த தோட்டம் செம்பனைக்குப் பேர் போனது ஒரு வேடிக்கைதான். அந்தச் செம்பனைக் கன்றுகளுக்கிடையே படரும் கொடியைக் கன்றின் அடியிலிருந்து இழுத்து விலக்கிவிட்ட கைகள் நம் கைகள். தோட்டத்து மண்ணை மூடி வைக்கத் தெரிந்த நாம் கோழிமுற்றத்தை மட்டும் வெறுமையாக விடுகிறோம்.

வெறும் மண்ணில் என்ன நடக்கிறது? பத்துக் கோழிகளைச் சிறிய இடத்தில் அடைத்தால் சில வாரங்களிலேயே புல் வேரோடு போய்விடும். மழை பெய்தால் மண்ணும் எச்சமும் கலந்து சேறாகும். ரத்தக் கழிச்சல் நோயின் கிருமிகள் எச்சத்தோடு வெளியே வந்து, ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் ஓரிரு நாளில் தொற்றும் நிலையை அடைகின்றன. மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளுக்குத்தான் இது பெரிய ஆபத்து. நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. தீபாவளிக்கென்று மே மாதம் பொரிக்க வைத்த குஞ்சுகள் இறக்கை தொங்கி, குன்றி உட்கார்ந்து, ரத்தமாகக் கழிந்து ஒவ்வொன்றாய்ச் சாவதற்குச் சேறும் ஒரு முக்கியக் காரணம்.

"அடைக்காமல் அவிழ்த்து விட்டால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். 2007 ஜூன் மாதம் சுங்கை பூலோவின் பாயா ஜாராஸ் ஹிலிர் கம்பத்தில் பறவைக் காய்ச்சல் கண்டதையும், சுற்றுவட்டாரக் கோழிகள் அழிக்கப்பட்டதையும் அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். மூசாங்கும் உடும்பும் வேறு இருக்கின்றன. வலை வேண்டியதுதான். அதற்குள் இருக்கும் தரையைத்தான் நாம் திருத்த வேண்டும்.

புல் மட்டும் போதுமா? ஐரோப்பிய நாடுகளில் திறந்த வெளிக் கோழி முட்டை என்று சொல்லி விற்க, கோழி ஒன்றுக்கு 4 சதுர மீட்டர் வெளி வேண்டும் என்பது விதி. பத்துக் கோழிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 430 சதுர அடி. அங்கேயே கூட்டு வாசலை ஒட்டிய மண் மொட்டையாகிவிடுகிறது. லயத்து வீட்டின் பின்புறத்தில் நமக்கு அவ்வளவு இடம் ஏது? ஆகவே, இருக்கும் இடத்தைப் பிரித்துக்கொள்வதே தக்க வழி. கூட்டை ஒட்டிய பகுதியில் கூரையும் உமியும். அதற்கப்பால் மாறி மாறித் திறக்கும் இரண்டு புல் பாத்திகள்.

உமிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. செகிஞ்சான், தஞ்சோங் காராங் வட்டாரம் நெல் விளையும் பூமி. அரிசி ஆலைகள் அங்கே உண்டு. உமி எளிதில் மக்காது; காலுக்கு மெத்தென்றிருக்கும்; எச்சத்தின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பி, வாரம் இருமுறை கவைக்கோலால் கிளறிவிட வேண்டும். தவிட்டையோ சோளத்தையோ அதில் கொஞ்சம் தூவினால் பாதி வேலையைக் கோழிகளே செய்துவிடும்! உமியை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் காலம் கடந்துவிட்டது. நனைந்த பகுதியை அள்ளிவிட்டுப் புது உமி போட வேண்டும். பூஞ்சணம் பிடித்த உமியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது; குஞ்சுகளின் நுரையீரலை அது கெடுக்கும். மருந்தேற்றிய பலகையின் மரத்தூளும் ஆகாது.

கூரை எட்டாத நடைபாதைக்குத் தேங்காய் மட்டையைத் துண்டு துண்டாக வெட்டிப் போடலாம். தண்ணீர் கீழே இறங்கிவிடும். செம்பனை மட்டையைப் போடுவதாயின் முள்ளுள்ள அடிப்பகுதியைக் கட்டாயம் நீக்க வேண்டும். முள் குத்திய பாதத்தில் சீழ் வைத்துக் கோழி நொண்டும். பழம் உதிர்த்த வெறுங்குலைகளைக் கொண்டுவந்து குவிக்காதீர்கள். ஈ மொய்ப்பதோடு, காண்டாமிருக வண்டும் அவற்றில் பெருகும். பிறகு தோட்டத்து இளங்கன்றுகளுக்கும் கேடு, நமக்கும் பொல்லாப்பு.

இனிப் புல். கோலசிலாங்கூர், ஜெராம் பக்கத்துக் கரையோரக் களிமண்ணில் தண்ணீர் தேங்கும். அங்கே முதலில் செம்மண்ணோ சரளையோ போட்டு அரையடி உயர்த்தி, சுற்றிலும் ஒரு சிறு கால்வாய் வெட்ட வேண்டும். அதைச் செய்யாமல் எந்தப் புல்லை நட்டும் பயனில்லை. அதன்பின் நாற்றுக் கடைகளில் 'கவ் கிராஸ்' என்று கேட்டு வாங்கும் அகன்ற இலைப் புல்லை நடலாம். அது ஈரத்தையும் ஓரளவு நிழலையும் மிதியையும் தாங்கும். கெர்லிங், களும்பாங் பக்கத்து மேட்டு நிலங்களில், நல்ல வெயில் விழும் இடமானால், நம் அருகம்புல்லே போதும். நிழலில் அது மெலிந்துவிடும். மஞ்சள் பூப்பூக்கும் காச்சாங் பிந்தோவும் நல்லது. அது கடலை இனம், மண்ணுக்கு உரமூட்டும், தண்டைக் கிள்ளி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். ஆனால் அடர்த்தியாகப் படரச் சில மாதங்களாகும், அதுவரை கோழியை உள்ளே விடக்கூடாது. லாலானும் தொட்டாற்சிணுங்கியும் தலை காட்டினால் பிடுங்கிவிட வேண்டும்.

கோழி கிளறியும் புல் சாகாதிருக்க ஓர் எளிய ஏற்பாடு உண்டு. நான்கு அங்குல உயரத்தில் பலகைச் சட்டம் செய்து, மேலே கம்பி வலையை விறைப்பாக அடித்து, புல்மேல் கவிழ்த்து வையுங்கள். வலைக்கு மேலே எட்டிப் பார்க்கும் நுனியைக் கோழி கொத்தித் தின்னும். வேரை அதன் கால் எட்டாது. வலை தொய்ந்திருந்தால் கால் சிக்கும், கவனம்.

ஒரு பாத்தியில் புல் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்ததும் அதை மூடி, மற்றதைத் திறக்க வேண்டும். மூடிய பாத்திக்கு ஒரு மாதமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். இதனால் கிருமிகள் அடியோடு ஒழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஈர மண்ணில் அவை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆனால் குறையும். அந்தக் குறைவே குஞ்சுகளுக்குப் பெரிய உதவி.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புல் போதவில்லை என்று செம்பனை வரிசையிலும் கால்வாய் ஓரத்திலும் அறுத்து வந்து போடுகிறோம். அங்கே மருந்து அடித்திருக்கிறார்களா என்று மண்டோரிடம் கேட்காமல் ஒரு பிடி கூட அறுக்கக் கூடாது. பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. மற்றக் களைக்கொல்லிகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. பழைய போத்தல் எங்காவது மூலையில் கிடந்தால், அதைக் கோழிமுற்றத்துக் களைக்கென்று எடுக்கவே கூடாது. கோழி தின்னும் புல்தான் முட்டையாகிப் பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய உமியை அள்ளி, மழை படாத இடத்தில் குவித்து, இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டால் கீரைக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் நல்ல எரு. பச்சையாகப் போட்டால் செடி வெந்துவிடும். அள்ளுகிறவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். முற்றத்தை இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, அதன்பின் புது உமியைப் பரப்பலாம். அக்டோபர் மழை தொடங்குமுன் இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.