செல்வ நாடும் ஏழை நாடும்: எந்தக் கோலால் அளப்பது?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் கூத்தும் நிறைந்த இவ்விழாவில் பொருளாதாரம் பேச ஒருவன் எழுந்து நிற்பதைக் கண்டு நீங்கள் திகைக்கக்கூடும். ஆயினும் இது கணக்கரின் ஏட்டுக்குள் அடங்கிவிடும் செய்தி அன்று. பட்டம் பெற்ற மகன் அயல்நாடு புறப்படும்போது, “அது பணக்கார நாடு, நம்முடையது ஏழை நாடு” என்கிறோம். எந்த அளவுகோலைக் கையில் கொண்டு அங்ஙனம் சொல்கிறோம் என்பதே இன்று நான் எழுப்பும் வினா.

வழக்கமான கோல் வருமானம். நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள் தொகையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்கிறோம். நம் நாட்டுக்கு இக்கணக்கைப் போட்டுக் காட்டிய முன்னோடி தாதாபாய் நவுரோஜி. 1867-68-ஆம் ஆண்டில் ஓர் இந்தியனுக்குக் கிடைத்த வருமானம் ஆண்டுக்கு 20 ரூபாய் என்று அவர் கணித்தார். அயலார் ஆட்சியை எதிர்த்து வாதாட அந்தச் சிறு எண்ணே படைக்கலமாயிற்று. ஆகவே இக்கோலை நான் இகழவில்லை. இது ஒன்றே போதுமா என்றுதான் கேட்கிறேன்.

முதற்குறை நாணயத்தைப் பற்றியது. 2023-இல் இந்தியரின் சராசரி வருமானத்தை நாணயச் சந்தை மதிப்பில் மாற்றினால் ஏறத்தாழ 2,500 டாலர். ஆனால் முடிதிருத்தும் கூலியும் கீரைக்கட்டின் விலையும் நியூயார்க்கிலும் நம் ஊரிலும் ஒன்றல்லவே! பணத்தின் வாங்கும் ஆற்றலைக் கருதித் திருத்தினால், அவ்வருமானம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அப்போதும் அமெரிக்கரின் வருமானம் நம்முடையதைப்போல் எட்டு மடங்கு என்பதை மறைப்பதற்கில்லை.

இரண்டாம் குறை இதனினும் ஆழமானது. வருமானம் வாழ்வுக்குக் கருவியே அன்றி வாழ்வே ஆகாது. 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்து பெரும் பேரரசின் தலைமை நாடாக விளங்கிற்று. அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. இன்று இந்தியாவில் அவ்வெண் 30-க்கும் கீழ். தூய நீரும் தடுப்பூசியும் நோய்க்கிருமி பற்றிய அறிவும் அந்நாளைய செல்வத்தால் வாங்க இயலாததை இந்நாளைய எளியவர்க்கும் அளித்தன. ஆனால் நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டா. ஜப்பானில் அவ்வெண் இரண்டளவே!

நடு அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்றொரு சிறுநாடு உண்டு. அது 1948-இல் தன் படையைக் கலைத்தது. பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பொருளை ஒதுக்கிற்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைவீத வருமானம், சந்தை மதிப்பில், அதனுடையதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. எனினும் 2023-இல் அமெரிக்கரின் சராசரி ஆயுள் 78 ஆண்டுக்குச் சற்று மேல்; கோஸ்டா ரிகா மக்களின் ஆயுளோ 80 ஆண்டளவு.

நம் அண்டை நாடான வங்காளதேசத்தைப் பாருங்கள். 1971-இல் அது தனிநாடானபோது மக்களின் சராசரி ஆயுள் ஐம்பதை எட்டவில்லை. இன்று எழுபதைக் கடந்துவிட்டது. இதற்குக் காரணங்கள் பல; அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண்கள் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்றார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், நீர்: வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தையைக் காக்க இவற்றைக் கலக்கும் முறையை ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் தாய்மார்க்குக் கற்பித்தார்கள். இதற்கு வேண்டியது பெருஞ்செல்வமா? அன்று, வாயிற்படி ஏறிவந்து கற்பிக்கும் ஒருவரே.

இத்தகைய உண்மைகளை வருமானக் கணக்கு காட்டவில்லை என்பதாலேயே, பாகிஸ்தானியப் பொருளறிஞர் மகபூப் உல் ஹக் 1990-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் சார்பில் புதியதோர் அளவுகோலை வெளியிட்டார். நம் அமர்த்தியா சென் அதற்குத் துணைநின்றார். இருவரும் கேம்பிரிட்ஜில் உடன் பயின்ற நண்பர்கள். நீண்ட ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் இணைத்து அளப்பது அக்கோல். 2025-ஆம் ஆண்டு அறிக்கையில் 193 நாடுகளுள் இந்தியாவுக்கு 130-ஆம் இடம்.

நமக்கு இக்கருத்து புதிதன்று. நாட்டுக்கு அணியாவன ஐந்து என்று எண்ணத் தொடங்கிய வள்ளுவர், நோயின்மையை முதலில் வைத்தார். செல்வத்தை அதன் பின்னரே வைத்தார்.

இன்னும் ஒன்று கூறி முடிக்கிறேன். சராசரி என்பது மேட்டையும் பள்ளத்தையும் நிரவிக் காட்டும் திரை. மக்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்த்தால், மேற்சொன்ன அளவையில் இந்தியா பெறும் மதிப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடுகிறது. அதாவது, ஒரே நாட்டுக்குள்ளேயே செல்வ நாடும் ஏழை நாடும் இருக்கின்றன. அவற்றின் எல்லையைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் குடியிருப்பின் மதிலே அவ்வெல்லை. மதிலுக்கு இப்பால் குழாயில் நீர், மருந்தகம், பள்ளிப் பேருந்து. காலையில் நம் வீடுகளுக்குப் பாத்திரம் துலக்க வரும் பெண்மணி மாலையில் திரும்பிச் செல்வது மற்றொரு நாட்டுக்கு. அவர் குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறது என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பிழைப்பை நாடி மொழி புரியாத இவ்வூருக்கு வந்த நமக்கு இம்மண் இடம் கொடுத்தது. கைம்மாறாக, நம் சங்கத்தின் படிப்பறையை வாரத்தில் இரண்டு மாலைகளேனும் அக்குழந்தைகளுக்குத் திறந்துவிடுவோம். கணக்கும் எழுத்தும் கற்பிக்க நம் மகளிரும் மாணவரும் முன்வருவார்களாக! உலக அட்டவணையில் நம் நாடு எத்தனையாவது இடம் என்பதை அறிஞர்கள் கணக்கிடட்டும். அவ்விடத்தை ஓர் அங்குலமேனும் உயர்த்தும் பணி நம் வாயிற்படியில் காத்திருக்கிறது.