முட்டி வலி தந்த பாடம்

நாள் முழுக்க நின்று பாடம் நடத்தியதில் எனக்கு முட்டி வலி. மூட்டுத் தேய்மானம் என்றார்கள். "துளை போட்டுக் கழுவினால் சரியாகிவிடும்" என்றார் தெரிந்தவர் ஒருவர். கடன் வாங்கவும் துணிந்துவிட்டேன்.

அப்போதுதான் 2002-இல் வெளியான ஓர் ஆய்வு பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் ஹூஸ்டனில் மருத்துவர் புரூஸ் மோஸ்லி குழுவினர், மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை, ஒப்புதல் பெற்று, மூன்று குழுக்களாகப் பிரித்தனர். இரு குழுக்களுக்கு அந்தச் சிகிச்சை. மூன்றாவது குழுவுக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டாண்டு கழித்தும் வலியில் வேறுபாடில்லை.

மருத்துவரிடம் கேட்டேன். தொடைத் தசைப் பயிற்சி சொன்னார். செய்துவருகிறேன், மாடி வகுப்புக்கு ஏற முடிகிறது.

புதிய கற்பித்தல் முறையில் பிள்ளைகள் தேறினால் மகிழ்கிறோம். பழைய முறையிலும் தேறியிருப்பார்களா என ஒப்பிட்டுப் பார்க்கிறோமா?