பெயர் இல்லாத டைப்பும் காணாமல் போன 2 கிலோ மல்லியும்

இன்னைக்கு சி ஷார்ப்ல இருக்கிற அனானிமஸ் டைப் பத்திப் பேசப் போறோம். நிறைய பேர் இன்டர்வியூவுக்காகப் படிச்சிருப்பீங்க. எனக்கு அது உண்மையிலேயே புரிஞ்சது ஒரு பூக்கடையில.

எனக்கு ஊர் திண்டுக்கல் பக்கம் சித்தையன்கோட்டை. மாமாவுக்கு நிலக்கோட்டை பூ மார்க்கெட்ல கமிஷன் கடை. யார் பூ கொண்டு வந்தாலும் எடை போட்டு ஒரு சிட்டை எழுதுவாங்க: பேர், தேதி, எத்தனை கிலோ, என்ன விலை. மாசக் கடைசியில எல்லாத்தையும் கூட்டி, வாங்கின முன்பணத்தைக் கழிச்சு, மீதியைக் கையில கொடுக்கணும். இதை நோட்டுல இருந்து கம்ப்யூட்டருக்கு மாத்தித் தர்றேன்னு ஒரு லீவுல நான் உட்கார்ந்தேன்.

லின்க்ல ஒரு கொரி எழுதினேன். சிட்டை லிஸ்டையும் முன்பண லிஸ்டையும் ஜாயின் பண்ணி, செலக்ட்ல 'நியூ' போட்டு பேர், தேதி, கிலோ, விலை நாலை மட்டும் எடுத்தேன். இதுக்குன்னு தனியா கிளாஸ் எழுத வேண்டாம். கம்பைலரே ஒரு கிளாஸ் செஞ்சுக்கும். அதுக்கு ஒரு பேரும் வைக்கும், ஆனா அந்தப் பேரை நாம கோடுல எழுத முடியாது. அதனாலதான் 'வார்' போட்டு வாங்குறோம். அனானிமஸ் டைப், வார், லின்க் மூணும் 2007-ல சி ஷார்ப் 3.0-ல ஒண்ணா வந்ததுக்குக் காரணமே இதுதான்.

ரிசல்ட்ல ஒரு சிக்கல். ரெண்டு தடவை முன்பணம் வாங்கினவங்களோட சிட்டை எல்லாம் ரெண்டு ரெண்டா வந்துச்சு. நான் யோசிக்கவே இல்ல. கடைசியில ஒரு 'டிஸ்டிங்க்ட்' போட்டேன். லிஸ்ட் சுத்தமாயிடுச்சு. எனக்கு ஒரே பெருமை.

கணக்கு முடிச்ச அன்னைக்கு ஒரு அப்பத்தா பணத்தை எண்ணிப் பார்த்துட்டு நகரவே இல்ல. "அன்னிக்கு ரெண்டு நடை வந்தேன்ல தம்பி. ஒரு நடைக்குத்தானப்பா காசு இருக்கு?" மாமா என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரீனைக் காட்டி, "இல்ல அப்பத்தா, ஒரு தடவைதான் வந்திருக்கீங்க"ன்னு சொன்னேன். இப்ப நினைச்சாலும் கூச்சமா இருக்கு.

மாமா சிட்டைக் கட்டைப் பிரிச்சார். ரெண்டு சிட்டை இருந்துச்சு. ஒரே நாள், ஒரே விலை 400 ரூபாய், ரெண்டு தடவையும் 2 கிலோ மல்லி.

நடந்தது இதுதான். சாதாரண கிளாஸா இருந்தா, உள்ள இருக்கிறது ஒண்ணா இருந்தாலும் ரெண்டு ஆப்ஜெக்ட் ரெண்டுதான். ஈக்வல்ஸை நாமளா மாத்தி எழுதினாத்தான் கதை வேற. அனானிமஸ் டைப்ல கம்பைலரே ஈக்வல்ஸையும் கெட்ஹேஷ்கோடையும் எழுதிடும், எல்லா ப்ராப்பர்ட்டியோட மதிப்பையும் வெச்சு. அந்த நாலும் ஒத்துப்போனா ரெண்டும் ஒண்ணு. டிஸ்டிங்க்ட் அதைத்தான் கேட்கும்.

இது குறை இல்ல. ஊரும் பூவும் சேர்த்து குரூப் பண்ணும்போது 'நியூ ஊர், பூ'ன்னு கீ கொடுத்தா அது ஒழுங்கா சேர்றதே இதனாலதான். ஆனா டபுள் ஈக்வல் போட்டுப் பார்த்தா ஃபால்ஸ்னு வரும், ஏன்னா அது ரெஃபரன்ஸைத்தான் பார்க்குது. சோதிச்சுப் பார்க்கும்போது இங்கயும் ஏமாறாதீங்க. 2020-ல சி ஷார்ப் 9-ல வந்த ரெக்கார்டும் மதிப்பை வெச்சுத்தான் ஒப்பிடும். அதனால டைப்புக்குப் பேர் வெச்சுட்டா இதுல தப்பிச்சிடலாம்னு இல்ல.

என் தப்பு ரெண்டு. சிட்டை நம்பர்னு ஒண்ணு இருந்தும் அதை செலக்ட்ல விட்டுட்டேன். அதைவிடப் பெரிசு, ஜாயின் தப்பா இருக்குன்னு தெரிஞ்சும் அதைச் சரிபண்ணாம டிஸ்டிங்க்டால மூடினேன். அப்புறம் முன்பணத்தை ஆளுக்கு ஆள் முதல்லயே கூட்டிட்டு, அதுக்கப்புறம் ஜாயின் பண்ணேன். டிஸ்டிங்க்டே தேவைப்படல. அந்த மாசத்துல மட்டும் இன்னும் 11 சிட்டை இப்படிக் காணாமப் போயிருந்துச்சு. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு மாமா பணம் கொடுத்தார்.

அப்பத்தா 800 ரூபாயை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, "உன் பொட்டி ரெண்டு பையையும் ஒண்ணாப் பார்த்துருச்சாக்கும்"னாங்க. இதைவிடச் சரியா நான் விளக்க முடியாது.

அதனால டிஸ்டிங்க்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: நான் எடுத்திருக்கிற இந்தக் காலங்கள்ல, நிஜத்துல வேற வேறயா இருக்கிற ரெண்டு விஷயம் ஒரே மாதிரி தெரிய வாய்ப்பு இருக்கா? இருக்குன்னா, வித்தியாசத்தைக் காட்டுற அந்த நம்பரையும் சேர்த்து எடுங்க.