முறையீடும் ஜெபமே



என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்கள். வெளியே இரும்பு நாற்காலியில் அம்மா. பார்க்க வந்தவர்களெல்லாம், "அழாதீங்கம்மா, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றார்கள். அம்மாவும் சொன்னார். கையிலிருந்த மருந்துச் சீட்டை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே சொன்னார். உதடு ஒன்றைச் சொன்னது. விரல்கள் வேறொன்றைச் சொல்லின.

அன்றிரவு சங்கீதப் புத்தகத்தைத் திறந்தேன். 13-ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள். முதல் இரண்டுக்குள் 'எத்தனை காலம்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. மறந்துவிட்டீரா என்று கடவுளிடமே கேட்கிறது சங்கீதக்காரனின் வாய். அடுத்த இரண்டில் மன்றாட்டு. கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். நாமோ நான்கு வசனங்களைத் தாண்டிக் குதித்து, நேரே ஐந்தாவதில் போய் நிற்கப் பார்க்கிறோம்!

அந்த ஐந்தாம் வசனம் வரவே இல்லையென்றால்? அதற்கும் ஒரு சங்கீதம் உண்டு. ஏமானின் பெயரைத் தாங்கிய 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை; பாடகர் கையில் கொடுத்துப் பாடச் சொன்னார்கள். ஆனால் கவனியுங்கள். இரவும் பகலும், நாள்தோறும், காலையிலும் என்று மூன்று முறை அவன் கூப்பிடுகிறான். வீட்டில் ஆளில்லை என்று நினைப்பவன் மூன்றாம் முறை கதவைத் தட்டுவானா? அந்த முறையீடுதான் ஐயா, அவனுடைய விசுவாசம்!

சிலுவையில் தொங்கிய இயேசுவும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் கேள்வியைத்தான் கேட்டார். ஏன் கைவிட்டீர் என்று குமாரனே கேட்டிருக்க, நமக்கு மட்டும் ஏன் வாய்ப்பூட்டு?

மறுநாள் 88-ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இப்படியெல்லாம் ஆண்டவர்கிட்ட கேட்கலாமாப்பா?" என்றார்.

"கேட்டிருக்காங்கம்மா."

வெகுநேரம் பேசாமலிருந்தவர், "ஏன் ஆண்டவரே?" என்று வாய்விட்டு அழுதார். அத்தனை நாளில் அவர் மனசு திறந்து செய்த முதல் ஜெபம் அது.

அன்பானவர்களே, துயரத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறீர்களா? ஐந்தாம் வசனத்தை அவர் கையில் திணிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். முதல் வசனத்திலிருந்து, அவரோடு சேர்ந்து, மெதுவாக வாசியுங்கள்.