லீவு நாட்களைப் பிரிப்போம், பிள்ளையைப் பிரிக்க வேண்டாம்

(நம் குடும்ப நல ஆலோசனைக் குழு சார்பில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் "நன்னி வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோர் பிரிந்து வாழும் வீட்டில் இந்தக் கேள்வியே சண்டையாகிவிடுகிறது.

கடந்த ஆண்டு நம் குழுவிடம் வந்த ஒரு விஷயம். மே முதல் தேதி அத்தா வந்து மகனை அழைத்துப் போவதாகப் பேச்சு. எத்தனை மணிக்கு, எத்தனை நாளைக்கு என்று யாரும் பேசி முடிக்கவில்லை. அத்தா காலையிலேயே வந்துவிட்டார். அஸருக்குப் பிறகுதான் அனுப்புவேன் என்றார் அம்மா. இரு பக்கத்து உறவினரும் தெருவில் கூடிவிட்டார்கள். ஒன்பது வயதுப் பையன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில், "நான் எங்கேயும் போகல, மதரஸா ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன்" என்றான். அந்தச் சொல் இன்றும் எங்களை உறுத்துகிறது.

தலாக்கும் குலாவும் கணவன் மனைவி உறவைத்தான் முடிக்கின்றன. அத்தா, அம்மா என்ற உறவு முடிவதில்லை. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கோ தந்தைக்கோ துன்பம் தரக் கூடாது என்பது சூரா அல்பகராவின் 233வது வசனம் தரும் போதனை. பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் மஷூரா செய்து, மனமொப்பி முடிவெடுக்க அது வழிகாட்டுகிறது. அதற்கே மஷூரா என்றால், ஒரு மாத லீவுக்கு வேண்டாமா?

நாட்டின் சட்டமும் பிள்ளையின் நலனைத்தான் பார்க்கிறது. 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். பெற்றோர் இருவரின் பாசமும் பிள்ளைக்கு உரியது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உடன் இல்லாதவர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வழி வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது.

ஆகவே நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான்: லீவு ஏற்பாட்டை மார்ச் மாதத்திலேயே பேசி, எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. அப்போது மனுவோடு ஓடினால் லீவு முடிந்துவிடும்.

எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் வந்து அழைப்பது, வண்டிச் செலவு யாருடையது என எல்லாவற்றையும் எழுதுங்கள். அத்தா வளைகுடாவில் வேலை பார்த்தால், அவருக்கு லீவு கிடைக்கும் மாதத்தையும் கணக்கில் எடுங்கள். கோடைகால தீனியாத் வகுப்பு எந்த ஊரில் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

பெருநாளை மறக்காதீர்கள். பிறைக் கணக்குப்படி பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். இப்போதெல்லாம் ஹஜ்ஜுப் பெருநாள் கோடை லீவை ஒட்டியே வருகிறது. "மே 1 முதல் 15 வரை" என்று மட்டும் எழுதினால் பெருநாள் எப்போதும் ஒருவருக்கே போய்விடலாம். ஒரு பெருநாள் இங்கே, அடுத்தது அங்கே என்று தனியாக எழுதுங்கள்.

நீதிமன்ற உத்தரவு ஏற்கெனவே இருந்தால், ஜமாஅத் அதை மாற்ற முடியாது. இருவருக்கும் மாற்றம் சம்மதமென்றால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்திலேயே பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. செலவுக்குப் பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் தவறு. இரண்டிலும் நஷ்டம் பிள்ளைக்குத்தான். அடி, உதை, ஆபத்து என்ற அச்சம் உள்ள வீடு வேறு விஷயம். அங்கே சமரசம் பேசாமல் உடனே சட்டப் பாதுகாப்பை நாடுங்கள்.

பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். திரும்பி வந்ததும் "அங்கே என்ன சொன்னாங்க?" என்று துருவாதீர்கள். "சாப்பிட்டியா, சந்தோஷமா இருந்தியா?" என்று கேளுங்கள், போதும்.

அந்தப் பையனின் பெற்றோரை உட்கார வைத்துப் பேசினோம். ஒரே ஒரு தாளில் எல்லாம் எழுதி முடிந்தது. அதைப் பரீட்சைக்கு முன்பே எழுதியிருந்தால் அவன் திண்ணையில் காத்திருந்திருக்க மாட்டான்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களை அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.