இடக்கையால் ஒரு வணக்கம்



அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்தவர் டேனியல் இனோயே. ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளை. 1941இல் அங்குள்ள பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு வீசியபோது அவருக்கு வயது 17. காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்ய ஓடினார். ஆனாலும் அவர் இனத்தாரை அரசு சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. அவர்களும் பட்டாளத்தில் சேரலாம் என்று அனுமதி வந்ததும் சேர்ந்துவிட்டார்.

1945 ஏப்ரல் 21, இத்தாலி. கையெறிகுண்டை வீச ஓங்கிய வலக்கை எதிரி சுட்டதில் சிதைந்து தொங்கியது. ஊசி கழற்றிய குண்டோ உணர்வற்ற விரல்களுக்குள்ளேயே இருந்தது. இடக்கையால் அதைப் பிடுங்கி எறிந்தார். சண்டையையும் விடவில்லை. அறுவை மருத்துவராகும் கனவு அன்றோடு போயிற்று. நாட்டின் உச்ச வீர விருது 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. இத்தனை தாமதமானதில் என் மனம் ஆறவே இல்லை.

சட்டம் படித்தார். 1963 முதல் 2012 டிசம்பரில் இறக்கும்வரை செனட்டராக இருந்தார். வாட்டர்கேட் ஊழலை விசாரித்த செனட் குழுவிலும் இடம்பெற்றார்.

போர்க் காயத்துக்குச் சிகிச்சை பெற்ற மிச்சிகன் ராணுவ மருத்துவமனையில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார்: பாப் டோல். அவருக்கும் வலக்கை போரில் செயலிழந்ததுதான். பின்னாளில் டோல் இனோயேவின் எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரானார். நட்பு மட்டும் மாறவில்லை. இனோயேவுக்கு அஞ்சலி செலுத்த வந்த டோலுக்கு அப்போது வயது 89. சக்கர நாற்காலியில் வந்தவர், நண்பர் தன்னை அப்படிப் பார்க்கக் கூடாதென்று எழுந்து, பிறர் தாங்கிப் பிடிக்க நடந்துபோய், இடக்கையால் வணக்கம் வைத்தார்.

அந்த மருத்துவமனைக் கட்டடம் இன்று இருவர் பெயரையும், அங்கே சிகிச்சை பெற்ற இன்னொரு செனட்டர் பிலிப் ஹார்ட் பெயரையும் சேர்த்தே தாங்கியிருக்கிறது.